கத்திரிப்பூக் கோடி

எங்கள் தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த அந்த அம்மாவுக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலுக்கு மட்டும் அது பயன்பட்டது. மற்றபடி அலுவலக உதவியாளர் முதல் வட்டாட்சியராக இருந்த நான் வரை எல்லோருக்கும் அவர் டைப்பிஸ்டம்மாதான். மனு கொடுக்க வருகிறவர்களிடம் அவர் இரண்டு கேள்விகள் கேட்பார். அரசாங்கம் அச்சடித்த எந்தப் படிவத்திலும் அந்த இரண்டும் கிடையாது.

"உங்களுக்கு எப்படி ஆகோணும்னு யாருகிட்டயாச்சும் சொல்லி வெச்சிருக்கீங்களா?" என்பது முதல் கேள்வி. ஆவது என்றால் சாவது. அதில் அவர் யாருக்கும் சந்தேகம் வைத்ததில்லை. அதற்குப் பதில் வந்தாலும் வராவிட்டாலும், சற்று நேரம் பொறுத்து, காகிதத்தை உருளையிலிருந்து உருவிக்கொண்டே இரண்டாவதைக் கேட்பார்: "பயமா இருக்குதுங்களா?"

வாரிசுச் சான்றிதழ் வாங்க வருகிறவர்கள்தான் அவரிடம் அதிகம் மாட்டினார்கள். இறந்தவர் பெயர், இறந்த தேதி, இருப்பவர்கள் பெயர், உறவு முறை. அரசுக்கு இவ்வளவு போதும். டைப்பிஸ்டம்மாவுக்குப் போதாது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கடைசியா என்னங்க கேட்டாரு?" என்பார். ஒன்றும் கேட்கவில்லை என்பார்கள். "நீங்க அவரைக் கேட்டீங்களா?" என்பார். அவ்வளவுதான். வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பிப்பார். பின்னால் வரிசை நிற்கும். அறைக்குள்ளிருந்து நான் மணியை அடிப்பேன்.

ஒருமுறை அவர்மேல் புகார் மனு வந்தது. முதியோர் உதவித்தொகை கேட்டு வந்த தன் தகப்பனாரிடம் எப்படிச் சாக விருப்பம் என்று தட்டச்சர் விசாரித்ததாகவும், தகுந்த நடவடிக்கை எடுக்க வேண்டுமென்றும் மகன் எழுதியிருந்தார். எந்த விதியின் கீழ் நடவடிக்கை எடுப்பது என்று நடத்தை விதிகளை முழுதும் புரட்டினேன். வரதட்சிணை வாங்கக் கூடாது, அனுமதியின்றி இரண்டாம் திருமணம் செய்யக் கூடாது என்றெல்லாம் இருந்தது. சாவைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று இல்லை. ஆனாலும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தேன். அதை அவரேதான் தட்டச்சு செய்தார், பிழையில்லாமல்.

"கேட்டது நெசந்தானுங்க சார்" என்றார். "அந்தப் பெரியவரு பதில் சொன்னாருங்க. கால் மணி நேரம் சொன்னாரு. அதைய அந்தப் பையன் மனுவுல எழுதலையே."

என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எச்சரித்து, கோப்பை முடித்தேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாவுக்குப் பிந்தைய நடைமுறை எதைக் கேட்டாலும் நான் சொல்வேன். இறப்பை எத்தனை நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் யாரிடம் போக வேண்டும், மகன் இறந்தால் தாய்க்கு என்ன பங்கு, வெளிமாநிலத்தில் இறந்தவரின் உடலைக் கொண்டுவர எந்தக் காவல் நிலையத்தின் சான்று வேண்டும், எல்லாம். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் யாராவது இறந்தால் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இழவு வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. மூச்சு நின்ற நிமிடத்திலிருந்து என் ஆட்சி ஆரம்பமாகும். அதற்கு முந்தைய நிமிடம் வரை என் வரம்புக்குள் வராது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த முந்தைய நிமிடத்தில்தான் டைப்பிஸ்டம்மா குடியிருந்தார். ஓய்வு பெற்றதும் அவர் புதுச்சத்திரம் தாண்டி, மனை போட்டு விற்ற எங்கள் நகரிலேயே, என் வீட்டுக்கு அடுத்த மனையில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். கணவர் முன்பே இறந்துவிட்டார். ஒரே மகன் பெங்களூரில். அலுவலகத்தில் கேட்டதைத் தெருவில் கேட்கத் தொடங்கினார். ரேஷன் கடை வரிசையில், பால் வாங்குமிடத்தில், நடைப்பயிற்சியில். நாலாவது வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனவர், மாக்கோலத்தைப் பாராட்டினார், பொங்கலைப் பாராட்டினார். படுக்கையறை வாசலில் நின்று அகலத்தைக் கையால் அளந்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் அகலமா வெச்சிருக்கலாமுங்க, ஸ்ட்ரெச்சர் திரும்பாது" என்றார். வாஸ்துக்காரரை இரண்டு முறை வரவழைத்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. அவர் ஈசானியம் வரை பார்த்திருந்தார். ஸ்ட்ரெச்சரைப் பார்க்கவில்லை.

டைப்பிஸ்டம்மா யாரிடம் கேட்கிறாரோ அவர் சீக்கிரம் போய்விடுவார் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. அவர் வருவதைக் கண்டால் சிலர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். அவர் கேட்காதவர்களும் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்தக் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

ஆனால் அவரிடம் பதில் சொன்னவர்களும் இருந்தார்கள். எதிர் வீட்டில் ஒரு வாத்தியார். சர்க்கரை நோய்க்காரர். அவர் கடைசியாகக் கண்மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் எந்த மருத்துவமனைக்கு மாற்றுவது என்று கூடத்தில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். டைப்பிஸ்டம்மா நேரே சமையலறைக்குப் போய்க் காப்பி கலந்து, கரண்டியோடு எடுத்து வந்தார். "அவரு எங்கிட்டச் சொல்லியிருக்காருங்க. சக்கரை தூக்கலாப் போட்டு ஒரு காப்பி. வேறொண்ணும் கேக்கலீங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மூத்தவன் தடுத்தான். வாத்தியாருடைய மனைவி கரண்டியை வாங்கி உதட்டை நனைத்தார். வாத்தியாரின் நாக்கு வெளியே வந்து அந்த ஈரத்தைத் தேடியதை நான் பார்த்தேன். அந்த நாக்கு இன்றைக்கும் என் காப்பி நேரத்தில் வருகிறது.

கோடி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அதற்குத்தான் கோடி என்று பெயர். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து உடம்பின்மேல் போர்த்த வேண்டும். அது வரும்வரை மயான வண்டி வாசலில் காத்துக்கொண்டுதான் நிற்கும். கணவன் இறந்தாலும் மனைவிக்குப் பிறந்த வீட்டுக் கோடி உண்டு. சேலம் செவ்வாய்ப்பேட்டைத் துணிக்கடைகளில் சேலை கேட்டால் சில கடைக்காரர்கள் முதலில், "நல்லதுக்கா, கெட்டதுக்கா?" என்பார்கள். கெட்டதுக்கு என்றால் எடுத்துப் போடும் கட்டு வேறு. கஞ்சி போட்டு விறைத்த, யாரும் வாங்காத நிறங்களில் தேங்கிய சரக்கு. யாரும் பேரம் பேச மாட்டார்கள், பிரித்தும் பார்க்க மாட்டார்கள். எரியப் போவதை எதற்குப் பார்ப்பது?

கணவர் இறந்தபோது டைப்பிஸ்டம்மாவின் அண்ணன் கொண்டுவந்து போட்டது அந்தக் கட்டிலிருந்து எடுத்த சேலைதான். நான் அப்போது அங்கே இருந்தேன், என் நாற்காலியில். "சார், அன்னைக்குப் பூரா கழுத்துல அறுத்துச்சுங்க" என்று பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார். "அழுதது அவருக்காகவா, அந்தச் சேலைக்காகவான்னு இன்னும் எனக்குத் தெரியாது."

அண்ணன் திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் லாரி வைத்திருப்பவர். வடமாநிலங்களில் ஆழ்துளைக் கிணறு போடும் தொழில். அந்தத் தொழிலில் சகுனம் பார்க்காதவர் கிடையாது. பூமிக்குள் ஆயிரம் அடிக்குக் கீழே இருப்பதை வேறு எப்படிப் பார்ப்பது? அவருடைய மகன் கல்யாணத்தில், முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது, டைப்பிஸ்டம்மா அண்ணன் பக்கத்து இலையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்: "அண்ணா, எனக்குப் போடற கோடி கத்திரிப்பூ கலர்ல எடுங்க. நூல்சேலை, இளம்பிள்ளை நெசவு, மெத்துனு இருக்கோணும். கழுத்துல அறுக்கக் கூடாது."

மகன் கல்யாணத்தில், அதுவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. அண்ணன் இலையை மடித்துவிட்டு எழுந்தார். அந்த மாதமே அவருடைய ரிக் ஒன்று எங்கோ மத்தியப் பிரதேசத்தில் துளைக்குள் ராடு சிக்கி, எடுக்க முடியாமல் நின்றது. காரணம் என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி உனக்குப் பிறந்த வீடு கிடையாது, கோடியும் கிடையாது என்று போனில் சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு பொங்கலுக்குக்கூட வரவில்லை, பேசவில்லை.

டைப்பிஸ்டம்மா இதை மறைக்கவில்லை. யார் வீட்டுக் கோடியைப் பார்த்தாலும், "எனக்கு வராதுங்க" என்பார், பஸ் வராது என்பதுபோல. ஆனால் அவர் வாசலில் ஏதாவது கார் நின்றால் முதலில் எட்டிப் பார்ப்பது அவர்தான். என் வீட்டு மாடியிலிருந்து அது தெரியும்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. நாமக்கல்லுக்கு டயாலிசிஸ் போய் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, இனிப் போகப்போவதில்லை என்றும், கடைசி நேரத்தில் குழாய், வென்டிலேட்டர் எதுவும் வைக்க வேண்டாம் என்று எழுதிவைக்க என்ன நடைமுறை என்றும் கேட்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் அதற்கு வழி சொல்லியிருக்கிறது, இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்றொப்பம், நான் ஓய்வு பெற்றவன் என்பதால் என் கையெழுத்து செல்லாது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பேப்பரை நானே டைப் அடிச்சுக்குவேனுங்க சார்" என்றார். "வாயில சொல்லோணுமில்ல. என்ற பையன்கிட்ட பேச்சை எடுத்தாலே போனைக் கட் பண்ணிப்போடறான்."

போகும்போது வாசலில் நின்று திரும்பி, "ஆபீஸ்ல நீங்க மட்டுந்தானுங்க சார் இன்னும் எனக்குப் பதில் சொல்லல" என்றார். எத்தனையோ வருடத்துக் கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? "சரிங்க, பெண்டிங்ல வெச்சுக்கறேன்" என்றார்.

மூச்சுத் திணறி அவரைச் சேலத்துக்குக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். மகன் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தான். குழாய் போடலாமா என்று டாக்டர் கேட்டார். டைப்பிஸ்டம்மா அடித்துக் கொடுத்திருந்த காகிதத்தை நான் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கையொப்பம், முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. டாக்டர் படித்தார். "இது சரிங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று மகனைப் பார்த்தார்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அம்மா போன் பண்ணும்போதெல்லாம் இதைத்தான் சொல்லும். நான் கட் பண்ணிருவேன். திரும்பக் கூப்பிட்டு, விட்ட இடத்துல இருந்து சொல்லும்" என்றான். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "வேண்டாங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றான்.

மருந்தில் மூச்சு சற்றுத் தணிந்திருந்தது. ஆக்சிஜன் சிலிண்டரோடு ஆம்புலன்ஸில் வந்தோம். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மருத்துவமனை கைவிட்டால், உயிர் இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். உயிர் வீட்டில் போக வேண்டும். பலருக்கு வழியிலேயே போய்விடும். எனவே சேலத்து ஆம்புலன்ஸ் ஒன்று சத்தமில்லாமல் மெதுவாகத் தெருவுக்குள் நுழைந்தால் பார்க்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. யாரோ ஒருவர் அவருடைய படத்துக்கு மாலை போட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று வாட்ஸ்அப்பில் ஏற்றிவிட்டார். நாங்கள் அவரைக் கட்டிலில் கிடத்தி முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் பந்தல்காரர் கம்பிகளையும் நாற்காலிகளையும் இறக்கினார். பின்னாலேயே குளிர்பெட்டி வண்டி வந்தது.

மகன் வெளியே ஓடி அவர்களைத் திட்டினான். உள்ளேயிருந்து டைப்பிஸ்டம்மா சொன்னார்: "வையாத கண்ணு. பொட்டியைத் திருப்பி அனுப்பு. பந்தலும் சேரும் இருக்கட்டும், வாரவங்க உக்காரோணுமில்ல."

அந்தப் பந்தல் நிழலில்தான் அண்ணனின் கார் வந்து நின்றது. அவர் தோளில் துண்டோடு இறங்கினார், மனைவி மாலையோடு. வாசல்படியிலேயே, "அம்மிணீ..." என்று குரலெடுத்துவிட்டார். அறைக்குள் இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றார். கட்டிலில் சாய்ந்திருந்தவர் மூக்கில் குழலோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா" என்றார். "இன்னும் ஆகலீங்க. உக்காருங்க."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணனின் மனைவி மாலையைச் சேலைத் தலைப்புக்குள் மறைக்கப் பார்த்தார். அது மறைகிற அளவு மாலை இல்லை. அண்ணன் கையிலிருந்த பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பையில என்னங்கண்ணா?"

"ஒண்ணுமில்ல அம்மிணி."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தனை வருசங்கழிச்சு வந்தீங்க? காட்டுங்க."

"பாக்கக் கூடாது அம்மிணி."

"போடறப்ப நான் பாக்க மாட்டனுங்க. இப்பத்தான் பாக்க முடியும்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து எடுத்தார். கடைக் கட்டு இல்லை, செய்தித்தாள் சுற்றவில்லை. பழுப்பேறிய பாலிதீன் உறை. பிரித்ததும் பாச்சை உருண்டை வாசம் அறை முழுக்கப் பரவியது. கத்திரிப்பூ நிறத்தில், ஒற்றைவிரல் கரையுள்ள நூல்சேலை.

டைப்பிஸ்டம்மா கையை நீட்டித் தலைப்பைப் பிடித்துப் பார்த்தார். "இன்னைக்கு எடுத்ததில்லையே இது."

அண்ணன் உறையை மடிக்கத் தொடங்கினார். அவர் மனைவிதான் சொன்னார்: "பையன் கண்ணாலம் முடிஞ்ச மறு வாரமே எடுத்தாந்துட்டாருங்க. கெட்டதுக்கு எடுத்த சேலை. அதைய ஊட்டுல வெக்கக் கூடாதுன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இத்தனை வருசமா என்ற பீரோவுல, என்ற பட்டுச் சேலைகளுக்கு மத்தியில வெச்சிருந்தாருங்க. நான் பக்கத்துலயே படுத்துத் தூங்கியிருக்கேன்."

கோபத்தோடு கேட்ட நிறத்தை ஒரு வாரம்கூட அந்த மனிதரால் மறக்க முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது. இலையை மடித்துவிட்டு எழுந்தவர், மறு வாரமே இளம்பிள்ளைக்குப் போய்க் கத்திரிப்பூ நிறம் தேடியிருக்கிறார்.

"போத்தி உடுங்கண்ணா" என்றார் டைப்பிஸ்டம்மா.

அவர் மறுத்தார். மகன் மறுத்தான். எனக்கும் அது சரியாகப் படவில்லை. டைப்பிஸ்டம்மா தலைப்பை விடவில்லை. கடைசியில் அண்ணன் சேலையை உதறி, பிணத்துக்குப் போர்த்துவதைப் போலவே, காலிலிருந்து மேலே கொண்டுவந்து கழுத்துவரை போர்த்தினார். டைப்பிஸ்டம்மா கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அறுக்கலீங்கண்ணா" என்றார்.

அன்றைக்கு ஆகவில்லை. அந்த வாரமும் ஆகவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. டாக்டர் சொன்ன கெடு தாண்டிப் போனது. டைப்பிஸ்டம்மா கத்திரிப்பூச் சேலையைக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார். மாலையில் சிலிண்டரை விட்டு எழுந்து, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு சுற்றுச்சுவர் ஓரமாக நாலடி நடப்பார். கோடி போட்ட உடம்பு நடக்கிறது. என் மனைவி அந்தப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டாள். பால்காரர் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். ஒருநாள் சேலை அழுக்காகிவிட்டதென்று துவைத்துக் கொடியில் போட்டிருந்தார்கள். மழை விட்ட வெயிலில் அது காற்று வாங்கிப் புடைத்து, ஒரு ஆள் உள்ளே நிற்பதுபோல ஆடிக்கொண்டிருந்தது. பள்ளிப் பேருந்தில் வந்திறங்கிய பிள்ளைகளைத் தாய்மார்கள் வேறு தெரு வழியாக அழைத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் எதிர்பாராதது நடந்தது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் ஒருவராக, அந்தி நேரத்தில். அவர் கேள்விக்குப் பயந்து செல்போனைக் காதில் வைத்தவர்கள், புதுமனை புகுவிழாக்காரர், பாலைக் கேட்டில் மாட்டியவர். யாரையும் அவர் கூப்பிடவில்லை. வந்தவர்கள் பந்தலில் சற்று உட்கார்ந்துவிட்டு உள்ளே போவார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள், முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். ஊருக்குப் போகிறவரிடம் சேதி சொல்லி அனுப்புவதுபோல, தங்களுக்கு எப்படி ஆக வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்ல முடியாததை, பாதி வழி போய்விட்டவரிடம் சொல்ல முடிந்தது போலிருக்கிறது.

ஒரு மாலை நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலைச் சாத்திய என் மனைவி, தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு அந்தப் பந்தலுக்குள் நுழைந்தாள். கதவு சாத்தப்பட்டது. வெளியே வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். வந்தவள் நேரே சமையலறைக்குப் போய்த் தோசை வார்த்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. தோசை நன்றாக இருந்தது என்றேன்.

அண்ணன் தினமும் திருச்செங்கோட்டிலிருந்து வந்தார். பந்தலுக்குள் டைப்பிஸ்டம்மாவின் சாய்வு நாற்காலியைப் போட்டு அவரும் பக்கத்தில் உட்காருவார். டீசல் விலை, ஒரிசாவில் கிடைத்த தண்ணீர், மருமகளின் பிரசவம் என்று பேச்சு போகும். சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்கும். மழைக்காலத்தில் எதற்குச் செடிக்குத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. அப்படியொரு மாலையில் டீசல் விலை பாதியில் நின்றது. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"பயமா இருக்குதா அம்மிணி?"

அத்தனை வருடங்களில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் திருப்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"இருக்குதுங்கண்ணா" என்றார் டைப்பிஸ்டம்மா. "ரொம்ப. சின்ன வயசுல இருந்தே. யாராச்சும் ஒருத்தர் ஆமான்னு சொன்னாத் தேவலைன்னுதான் எல்லாருகிட்டயும் கேட்டுக்கிட்டே திரிஞ்சேன். எல்லாரும் இல்லைன்னே சொன்னாங்க."

அண்ணன் என்ன செய்தார் என்று சுவருக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை. "எனக்கும் இருக்குது" என்று அவர் குரல் கேட்டது.

அதற்கப்புறம் அதிக நாள் இல்லை. ஒரு முற்பகலில், மகன் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது ஆகிவிட்டது. உடம்பில் அந்தச் சேலைதான் இருந்தது. என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். உறவுக்காரப் பெரியவர்கள் கூடிச் சிக்கல் ஒன்றைக் கிளப்பினார்கள். கோடி என்றால் புதுத்துணி, இது கட்டிக் கசக்கித் துவைத்த சேலை, பிறந்த வீட்டிலிருந்து வேறு கோடி வந்தாக வேண்டும் என்றார் ஒருவர். ஒரு பெண்ணுக்கு இரண்டாவது கோடி போட்டால் அது இன்னொரு சாவைக் கூப்பிட்டுவிடும் என்றார் இன்னொருவர். என்னைப் பார்த்தார்கள். "நீங்க சொல்லுங்க சார், முறை என்னங்க?"

எனக்குத் தெரியவில்லை. அப்படிச் சொன்னேன். இழவு வீட்டில் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அண்ணன் எழுந்தார். சகுனத்துக்காகப் பந்தியிலிருந்து எழுந்த அதே ஆள். "நான் என்ற தங்கச்சிக்குப் போட்டுட்டேனுங்க" என்றார். "அவ கண்ணுல பாத்து, கையில தொட்டு, அறுக்கலைன்னு சொன்னா. உங்க ஊட்டுல எந்தப் பொம்பளையாச்சும் கோடியைப் பாத்துட்டு அப்படிச் சொல்லியிருக்காளா? வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

எடுத்தார்கள். இறப்புப் பதிவு, சான்றிதழ் எல்லாம் கெடுவுக்குள் முடித்துக் கொடுத்தேன். மகன் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூர் போனான். கொடிக் கயிற்றை அவிழ்க்க மறந்துவிட்டான். காற்றடிக்கும்போது அது வெறுமனே ஆடுகிறது. அந்தத் தெருவில் எத்தனையோ பேருடைய பதில்கள் அவரோடு எரிந்துபோய்விட்டன என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். அதில் ஒன்று என் வீட்டுக்காரியுடையது. நான் கொடுக்க வேண்டிய பதில் மட்டும் அங்கே இல்லை. அது பெண்டிங்.

தை மாதம் மனைவியின் அண்ணன் மகளுக்குச் சீர் எடுக்கச் செவ்வாய்ப்பேட்டை போனோம். சேலை என்றதும் கடைக்காரர், "நல்லதுக்கா, கெட்டதுக்காங்க?" என்றார். நல்லதுக்கு என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் பட்டுச் சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது மனைவி என் பக்கத்தில் இல்லை. ஓரத்து அடுக்கில், வேறொரு சேலையின் தலைப்பை எடுத்து, கழுத்தோரம் வைத்து, மெல்லத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாந்தளிர் நிறம். வாங்கவில்லை. மடிப்புக் கலையாமல் மடித்து வைத்துவிட்டு வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். மடியில் சீர்ப்பை. புதுச்சத்திரம் நெருங்கும்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"டைப்பிஸ்டம்மாகிட்ட அன்னைக்கு என்ன சொன்னே?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே, "நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லல."

"அப்ப மொதல்ல நீங்க சொல்லுங்க."

முன்சீட்டுக்காரர் காதைத் தீட்டுவது தெரிந்தது. நான் ஆரம்பித்தேன். வென்டிலேட்டர் வேண்டாம், இரண்டு சாட்சி போதும், நோட்டரி நாமக்கல்லிலேயே இருக்கிறார், உறுப்பு தானத்துக்குத் தனியாகப் பதிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் என் கைமேல் கையை வைத்து நிறுத்தினாள்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. பயமா இருக்குதுங்களா?"

நடத்துநர் எங்கள் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி விசில் கொடுத்தார். எழ வேண்டும். எழவில்லை. பஸ் நின்று, கிளம்பி, எங்கள் நகரின் வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"இருக்குது" என்றேன்.